நெட்டை மாற்றப் போய் நடந்த அறுபதாம் கல்யாணம்

"...அதனால அவசரப்படாதீங்கக்கா. மேட்டூர்ல தொறந்த தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர எத்தனை நாளாகுது? நெட்டும் அதை மாதிரிதான். நம்ம வீடு கடைமடை. தலைமடைக்காரன் எடுத்தது போகத்தான் நமக்கு. வரும், வராமப் போகாது."

கேபிள் சேகர் போனில் இப்படி எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்த இன்னொரு போனில் சிங்கப்பூர்க் கல்யாணப் பெண் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து போயிருந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. அந்தக் கோலத்தில் அவளை யாராவது பார்த்திருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

ஒருவரை விட்டு விலகுவது என்று முடிவெடுப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்தான் இருக்கிறது. எனக்கு அந்தத் தைரியம் ஒரு சொட்டும் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை, எங்கள் ஊரில் கேபிள் இணைப்பு வைத்திருக்கிற அத்தனை பேரும் டிவியில் பார்த்தார்கள்.

முத்துப்பேட்டைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். வீட்டு முன்அறையே என் தையல் கடை. ப்ளவுஸில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்து தருவேன். (யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பணக்காரக் கல்யாணத்து ப்ளவுஸ் பிடிக்கக் கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தை ராத்திரி பகலாகப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டேன்.) ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் இப்போது அளவு வருவதும் நெட்டில், டிசைன் காட்டுவதும் நெட்டில். அந்த நெட்டைத் தருகிறவன் சேகர். கொல்லைப்புறச் சுவர் ஒன்றுதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும். என்னை அக்கா என்பான், என் வீட்டுக்காரரை மாமா என்பான்.

சேகரிடம் நெட் வேகமாக இருந்ததில்லை. ஆனால் அது ஏன் வேகமாக இல்லை என்பதற்கான காரணம் நொடியில் வரும். சித்திரையில் கேட்டால், "வெயில்ல வயரு தளர்ந்துடுதுக்கா." ஐப்பசியில் கேட்டால், "ஈரம் குடிச்சிருக்குக்கா." தையில் கேட்டால், "அறுப்பு மெஷின் இழுத்துட்டுப் போயிடுச்சுக்கா." வெயிலும் மழையும் அறுப்பும் இல்லாத மாதத்தில், "அங்கேருந்தே வரலைக்கா." அந்த 'அங்கே' எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் சொல்லும்போது கையை வடக்கே காட்டுவான். கர்நாடகாவாக இருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொள்வோம்.

அன்றைக்கு அந்தக் கல்யாணப் பெண் கார்த்திகா உறைவதற்கு முன் கேட்டது இதுதான்: "ஆண்ட்டி, முதுகுல ஏன் கோழி போட்டிருக்கீங்க?"

"கோழி இல்லம்மா, மயில்."

"தோகை எங்க?"

"தோகை நெட்டுல வந்துக்கிட்டிருக்கும்மா."

தோகை வருவதற்குள் அவள் உறைந்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது குரல் மட்டும் வந்தது. "அம்மாவுக்குத் திருப்தியா இல்ல ஆண்ட்டி. கலரும் தெரியல, வேலையும் தெரியல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சென்னையில ஒரு கடையில குடுத்துடலாம்ங்கறாங்க."

அது சின்ன ஆர்டர் இல்லை. கல்யாணப் பெண்ணிலிருந்து அவள் அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரைக்கும் எல்லாருக்கும் தைக்க வேண்டியது. அதை நம்பித் துணைக்கு இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தேன். அது போனால் அவர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

பக்கத்துத் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. கடையில் அதுதான் பேச்சு.

"அவங்க வீட்டுல சீரியல் நிக்கவே மாட்டேங்குதாம்" என்றாள் துணி கொடுக்க வந்த ஒருத்தி.

"நிக்காம ஓடுனா நாம எப்ப எழுந்து சோறு வடிக்கிறது? சேகரு நெட்டுல ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள நான் குழம்பே வச்சிடுவேன்."

"அதெல்லாம் சரி, சேகருகிட்ட யாரு சொல்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க மொதல்ல மாறுங்கக்கா. நீங்க நல்லா இருந்தா நாங்களும் மாறிக்கறோம்" என்றார்கள். உப்புப் போட்டிருக்கிறதா என்று குழம்பை எச்சில் பார்க்கச் சொல்கிற மாதிரி.

என்னால்தான் அது முடியாது. புயலில் எங்கள் ஓடு பறந்தபோது, தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து என் மெஷின்கள்மேல் போர்த்தியவன் சேகர். அவன் வீட்டுக்குள் அன்றைக்கு மீன் விடலாம். அதற்கப்புறம் அவன் லோக்கல் சேனலில் படத்துக்குக் கீழே என் கடை விளம்பரம் சும்மாவே ஓடும். இப்படிப்பட்டவனிடம் போய், 'தம்பி, உன் நெட் வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் நர்மதாவுக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. "அம்மா, நீ யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்று அங்கே இருந்தபடியே போனில் ஃபைபருக்குப் பதிவு செய்துவிட்டாள். 'உங்கள் பகுதிப் பொறுப்பாளர் விரைவில் தொடர்புகொள்வார்' என்று பதிலும் வந்தது. ஆனால் பொறுப்பாளர் வரவில்லை.

அதற்குப் பதில் சேகர் வர ஆரம்பித்தான். காலையில் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்துவான். ஹாரன் அடிக்க மாட்டான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே. நீ ஏதாவது சொல்லணுமா?"

"இல்லக்கா."

போய்விடுவான். மறுநாளும் இதே பேச்சு. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், என் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறான் என்று தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை துணிந்துவிட்டேன். "இன்னிக்குச் சொல்லிடறேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"போன்ல சொல்லிடு."

"பக்கத்து வீட்டுக்குப் போன்லயா?"

"அப்ப நேர்ல போ."

"வெறுங்கையோட எப்படிப் போறது?"

என் கெட்ட நேரம் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. மனசை நோகடிக்கப் போகிறோம், பழமாவது கொண்டுபோவோம் என்று கொல்லையில் பழுத்திருந்த பூவன் சீப்பை ஒரு தட்டில் வைத்தேன். பழம் மட்டும் வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருந்தது. நாலு வெற்றிலை வைத்தேன். வெற்றிலை வைத்தால் பாக்கு வைக்காமல் முடியுமா? பாக்கு வைத்ததும் கை தானாகக் குங்குமச் சிமிழை எடுத்து வைத்தது. புடவையும் கொஞ்சம் நல்லதாகக் கட்டிக்கொண்டேன், மரியாதைக்கு. தனியாகப் போகப் பயந்து வீட்டுக்காரரையும் சட்டை மாட்டச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். வளர்பிறை வெள்ளிக்கிழமை, தம்பதியாக, தாம்பூலத் தட்டோடு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தோன்றவில்லை.

வாசலில் எங்களைப் பார்த்ததும் சேகர் மனைவி மல்லிகா ஓடிப்போய்ப் பாயை விரித்தாள். மிக்சர் வந்தது, தண்ணீர் வந்தது. "வாங்கக்கா, வாங்கண்ணே. தட்டெல்லாம் பலமா இருக்கு. என்ன விசேஷம்?"

சேகர் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா. எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றான்.

வீட்டில் இருந்து தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. 'தம்பி, தொழிலுக்காகத்தான், தப்பா நினைச்சுக்காதே' என்று ஆரம்பிக்கும். வாயைத் திறந்தேன். மல்லிகா தட்டைப் பார்த்தாள், சேகர் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன்.

"மாமாவுக்கு அறுபது வருது தம்பி" என்றேன்.

மிக்சரை அப்போதுதான் வாயில் போட்ட என் வீட்டுக்காரர், சேகரின் நெட்டைப் போல அப்படியே நின்றார். கடலை பல்லுக்கு வெளியே தெரிந்தது.

சேகர் அவர் மீசையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அறுபதா" என்றான்.

"அண்ணனைப் பார்த்தா தெரியவே இல்லையே" என்றாள் மல்லிகா. தெரியாதுதான். அவருக்கு அப்போதுதான் ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அதைக் கூட யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று மீசைக்கு மை பூசுகிறவர். இத்தனை வருஷம் மை பூசியதற்கு முதன்முதலாக ஒரு பாராட்டு கிடைத்தது. அதை அனுபவிக்கிற நிலையில்தான் அவர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "என்ன சொன்னே அங்க?"

"வாய் தவறிடுச்சுங்க."

"தவறினா ஒரு வருஷம் தவறும். அஞ்சு வருஷமா தவறும்? எனக்கு அறுபதுன்னா உனக்கு எத்தனைன்னு ஊரு கணக்குப் போடுமே, அதை யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சமாளித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். காலையில் டிவியைப் போட்டால், லோக்கல் சேனலில் எங்கள் இருவர் படம். (மகள் சடங்குக்கு எடுத்தது. நடுவில் நின்றவளை வெட்டிவிட்டு எங்களை ஒட்டியிருந்தான்.) அடியில், 'மணிவிழாக் காணும் எங்கள் மாமா, அக்காவை வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று எழுத்து ஓடியது. இந்தப் பக்கம் ஓடி மறைந்து அந்தப் பக்கம் திரும்ப வந்தது. அந்த ஒரு விஷயம் மட்டும் சேகரிடம் தடங்கல் இல்லாமல் ஓடியது.

டீக்கடையில் இவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்களாம். ஒருவர் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தாராம். வந்தவர் நேரே கண்ணாடி முன் நின்று மீசைக்கு இன்னொரு தடவை மை பூசிக்கொண்டார்.

பிறகு சீர்காழியிலிருந்து என் நாத்தனார் போன். இவருக்கு மூத்தவர்.

"ஏம்மா, எனக்கே இன்னும் அறுபது ஆகல. எனக்கு அப்புறம் பொறந்தவனுக்கு எப்படி ஆச்சு?"

"அண்ணி, அது வந்து..."

"எங்கம்மா உசுரோட இல்ல, இருந்தா அவங்களையே கேட்டிருப்பேன்."

ஐயரிடம் ஓடினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்து, "ஐம்பத்தஞ்சுக்கும் ஒரு சாந்தி இருக்கும்மா. கலசம், ஹோமம் எல்லாம் உண்டு. பண்ணிடலாம். பார்க்கறவாளுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். அன்றைக்கு அவர் எனக்குச் சாமியாகத் தெரிந்தார்.

இதற்குள் செய்தி சிங்கப்பூருக்கும் போய்விட்டது. கார்த்திகா கூப்பிட்டாள். "ஆண்ட்டி, ஃபங்ஷனாமே. வீடியோ கால்ல காட்டுங்க. மாதிரிக்குத் தைச்ச அந்த மயில் ப்ளவுஸை நீங்களே போட்டுக்கிட்டு நில்லுங்க. அம்மா பார்க்கட்டும். அதைப் பார்த்துத்தான் முடிவுன்னுட்டாங்க."

சேகர் நெட்டில் மயில் கோழியாகத்தான் தெரியும். ஃபைபர்க்காரன் வருகிற வழியாக இல்லை. விசேஷத்தை நிறுத்தவும் முடியாது, நெட்டை மாற்றவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு சீப்பு பூவம்பழம்.

நாள் வந்தது. முந்தின நாளெல்லாம் சேகர் சீரியல் பல்பு கட்டுகிறேன் என்று எங்கள் வீட்டைச் சுற்றி ஏணி வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். "வேணாம் தம்பி, சின்ன விசேஷம்தானே" என்றால், "அறுபது என்னக்கா வருஷா வருஷமா வருது?" என்றான். அந்த 'அறுபது'வைச் சொல்லும்போது ஒரு அழுத்தம் கொடுத்தான். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன்.

வாசலில் சின்னப் பந்தல், ஹோமம், ஒரு செட் மேளம். நாத்தனார் சீர்காழியிலிருந்து வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பிக்கு அறுபது, அக்காளுக்கு அம்பத்தெட்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அவருக்கு ஞாபகமறதி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் மயில் ப்ளவுஸில் முதுகைப் பந்தலுக்குக் காட்டி நின்றேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நர்மதா போனைப் பிடித்தாள்.

"ஆண்ட்டி, கொஞ்சம் திரும்..." என்று கார்த்திகா உறைந்தாள். இந்தத் தடவை இரண்டு கண்ணும் மூடியிருந்தது.

"அம்மா, போச்சும்மா" என்றாள் நர்மதா.

அப்போதுதான் மேளம் உரக்க ஆரம்பித்தது. தெருமுனையிலிருந்து சீர் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தம்பி முறைக்கு நானே வருகிறேன் என்று சேகர் சொல்லியிருந்தான். பட்டுக்கரை வேட்டி கட்டி முன்னால் அவன், பின்னால் மல்லிகாவும் நாலைந்து பெண்களும். வேட்டி புடவை ஒரு தட்டில், பழம் ஒரு தட்டில், பூ ஒரு தட்டில். சேகர் கையில் இருந்த தட்டில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒன்று. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம். வெள்ளிக் குங்குமச் சிமிழ் போலிருக்கிறது, இவ்வளவு செலவு செய்திருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கியது. கிட்டே வந்ததும் பார்த்தால், சிமிழுக்கு இரண்டு கொம்பு.

"தொட்டு வாங்கிக்குங்கக்கா" என்றான்.

"என்ன தம்பி இது?"

"ஃபைபர் மோடம்."

மேளம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கெட்டிமேளம் வாசித்தார்கள்.

"நீங்க ஆன்லைன்ல போட்டீங்களே, பகுதிப் பொறுப்பாளர் வருவாருன்னு. அந்தப் பொறுப்பாளர் நான்தான்க்கா" என்றான், மேளச் சத்தத்துக்கு நடுவே, காதோடு. "நம்ம தெருவை அவங்க என்கிட்டதான் குடுத்திருக்காங்க. மொத மொதல்ல வந்த பேரே உங்க பேரு."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"கடைமடை, தண்ணி வரும், வரும்னு இத்தனை வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டு, நானே வேற ஆத்துக்குப் போயிட்டேன்னு எப்படிக்கா சொல்றது? தினம் வாசல்ல வந்து நின்னேன். வாய் வரல. நீங்களாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தட்டோட வந்தீங்க. சரி, இன்னிக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நீங்க மாமாவுக்கு அறுபதுன்னீங்க."

"அப்பவே தெரியுமா?"

"மாமா ஆதார் கார்டை வச்சுத்தானே கனெக்‌ஷனுக்கு எழுதினேன். எதுவரைக்கும் போறீங்கன்னு பார்த்தேன்க்கா."

நான் மேலே எதுவும் கேட்பதற்குள் மோடத்தைக் கொண்டுபோய்க் கடைச் சுவரில் மாட்டிவிட்டான். முந்தின நாள் கட்டிய சீரியல் வயர்களில் ஒன்றை இழுத்து அதில் செருகினான். அந்த வயரில் பல்பே இல்லாதது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

பச்சை விளக்கு எரிந்தது. நர்மதா போனை அதில் சேர்த்தாள். கார்த்திகா கண்ணைத் திறந்தாள். பின்னால் அவள் அம்மா, அதற்கும் பின்னால் ஜன்னல், ஜன்னலில் காய்கிற துண்டு வரைக்கும் தெரிந்தது. நான் திரும்பி நின்றேன்.

"ஐயோ, மயிலு" என்றாள் அவள் அம்மா. "கண்ணுல வச்ச கல்லு கூடத் தெரியுதே. சென்னையெல்லாம் வேணாம். எல்லாத்தையும் நீங்களே தைச்சுடுங்க."

தைக்கிற பெண்கள் இருவரும் பந்தல் ஓரத்தில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அதோடு போனைக் கட் செய்திருக்கலாம். நர்மதா செய்யவில்லை. ஐயர் கலசத்தைத் தூக்கி என் வீட்டுக்காரர் தலையில் ஊற்றுவதையும் காட்டினாள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குடம் குடமாய்த் தண்ணீர்.

"ஆண்ட்டி" என்றாள் கார்த்திகா, ஸ்பீக்கரில், பந்தல் முழுக்கக் கேட்க. "அங்கிள் மீசைலேருந்து கறுப்பா ஏதோ வழியுதே."

எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மை கோடு போட்டு இறங்கி, கழுத்து வழியாகப் புது வேட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மீசை, வெள்ளைவெளேரென்று வெளியே வந்தது. பழைய நெட்டாக இருந்திருந்தால் ஏதோ நிழல் என்று போயிருக்கும்.

நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "இல்ல, இவனுக்கு அறுபது ஆயிடுச்சு. எனக்குத்தான் ஏதோ தப்பா எழுதி வச்சிருக்காங்க" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் மை பூசவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால் உட்கார்ந்துகொள்கிறார். நிஜமான அறுபது வருகிறபோது என்ன செய்வது என்ற பேச்சு இன்னமும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. "அப்ப எழுபதுன்னு சொல்லிக்கலாம். உங்கம்மாதான் தாம்பூலத் தட்டோட போவாளே" என்பார் மகளிடம். நான் எந்த வீட்டுக்குப் பழம் எடுத்துக்கொண்டு கிளம்பினாலும், "இந்தத் தடவை எனக்கு எத்தனை?" என்று கேட்காமல் விடுவதில்லை. தெருவே இப்போது ஃபைபரில் இருக்கிறது. எச்சில் பார்த்தது நான்தான் என்ற நன்றி அவர்களுக்குக் கிடையாது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபோது சேகரைக் காணோம். தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி ஏணிமேல் நின்று, என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தன் பழைய வயரைக் குறட்டால் வெட்டிக்கொண்டிருந்தான். கீழே இறங்கி அதைக் கையில் சுற்றினான். சுற்றினதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தூக்கிப் போட மனசு வரல, இல்ல?" என்றேன்.

"நல்ல வயருக்கா. நெட்டுதான் போகல. மத்தபடி ஒரு குறையும் சொல்ல முடியாது."

அதன் ஒரு நுனியை எங்கள் முருங்கை மரத்தில் கட்டினான். மறுநுனியை அவன் வீட்டுச் சுவர்க் கொக்கியில் மாட்டி, காலை உதைத்து இழுத்து முடிச்சுப் போட்டான். விரலால் ஒரு தடவை சுண்டிப் பார்த்தான். பிறகு வாளியில் கிடந்த என் வீட்டுக்காரரின் மைக்கறை வேட்டியை எடுத்துப் பிழிந்து, உதறி, அதில் காயப் போட்டான்.